என் நம்பரில் அறுபத்து மூன்று பேர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கொடைக்கானலில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே நடந்தது. நடந்தது என்று பொதுவாகச் சொன்னாலும், நடத்தி வைத்தவள் நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் பாதி, அதாவது இருபத்தாறு வருடம், அந்த ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் ஜன்னலுக்குப் பின்னால் போயிருந்தது. நோயாளி வந்ததும் பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு என்று கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, சீட்டைக் கொடுத்து, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். இவ்வளவுதானா என்று தோன்றும். காலை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பேத்துப்பாறை, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து பஸ்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து ஆட்களை இறக்கிவிடும். வந்தவர்கள் மதியம் ஒண்ணேகால் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியாக வேண்டும். நான் கொஞ்சம் அசந்தால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு டாக்டர் கிடைக்க மாட்டார். டாக்டர் கிடைத்தால் பஸ் கிடைக்காது. அதனால் என் ஜன்னலில் வேகம் முக்கியம். அந்த வேகத்தில் எனக்குத் தலைகால் புரியாத பெருமையும் உண்டு.

பழைய கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் என்ற சமாச்சாரமே கிடையாது. எஃப் டூ தட்டினால் புதுச் சீட்டு, எஃப் ஃபைவ் தட்டினால் சேமிப்பு, எஃப் செவன் தட்டினால் பழைய ஆளைத் தேடலாம். வேண்டாத கட்டத்தை என்டர் தட்டித் தாண்டிவிடலாம். நான் திரையைப் பார்க்கவே மாட்டேன். கண் எதிரில் நிற்பவரின் முகத்தில் இருக்கும், வாய் அவரோடு பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் தன் பாட்டுக்கு ஓடும். ஒரு ஆளுக்கு நாற்பது விநாடி. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘காது கேட்காது, சத்தமாகக் கூப்பிடவும்’, ‘கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு’ என்று எதையாவது எழுதி வைப்பேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் அண்ணன், “கதை எழுதுறியாம்மா?” என்று கேலி செய்வார். அவரும் என்னைப் போலவே பழைய ஆள். நான் சேர்ந்த மறு வருடம் சேர்ந்தவர்.

அந்தக் கறுப்புத் திரைக்கு அந்தக் கார்த்திகையில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் முறை வந்தது. டாக்டர் அறை, பரிசோதனைக் கூடம், மருந்துக் கவுன்ட்டர், என் ஜன்னல் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி. நான் இங்கே பெயரை ஏற்றினால் அடுத்த விநாடி டாக்டர் திரையில் தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவு நோயாளியின் போனுக்கே குறுஞ்செய்தியாகப் போய்விடும். இதைச் சொல்லிக் கொடுக்க கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வறுத்த பட்டாணி தின்றுகொண்டிருந்தேன். இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இவர் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார் என்ற எண்ணம். அவர் திரையில் ஒரு பூதக்கண்ணாடிப் படத்தைக் காட்டி ஏதோ விளக்கியபோது, நான் அவர் சேலை பார்டர் எங்கே எடுத்ததாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை என் பவிசு தெரிந்துபோயிற்று. எஃப் டூ தட்டினால் ஒன்றும் வரவில்லை. எஃப் ஃபைவ் தட்டினால், பாதி அடித்து வைத்திருந்ததெல்லாம் அழிந்து கட்டங்கள் காலியாக நின்றன. மவுஸ் நனைந்த சோப்புக்கட்டி மாதிரி கையை விட்டு வழுக்கிக்கொண்டே போனது. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் போய்விட்டது. “அக்காவுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று வரிசையிலிருந்து ஒருவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

அதிலும் என் உயிரை எடுத்தது போன் நம்பர் கட்டம். பழைய முறையிலும் அது இருந்தது, ஆனால் என்டர் தட்டித் தாண்டிவிடுவேன். புதியதில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். பத்து இலக்கம் அடித்தால்தான் வழி விடும். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு நிஜமாகவே போன் கிடையாது. பத்து சைபர் அடித்துப் பார்த்தேன், மாட்டேன் என்றது. பத்து ஒன்பது அடித்தேன், அதற்கும் மாட்டேன் என்றது. பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். எரிச்சலில் என் சொந்த நம்பரை அடித்தேன். சமர்த்தாக ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கம்ப்யூட்டரையே ஏமாற்றிவிட்டேன் அல்லவா? அன்று முதலில் போனே இல்லாதவர்களுக்கு என் நம்பரைப் போட்டேன். பிறகு, வீட்டுக்காரர் போன்தான் இருக்கிறது, நம்பர் தெரியாது என்று சொன்னவர்களுக்கும் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலைக்குள், நம்பர் கேட்டதும் ஒரு கணம் தயங்கி நின்றவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டேன். வரிசை பழையபடி ஓடத் தொடங்கியது. பரிசோதனைக் கூடத்து அண்ணன் வந்து, “எப்படிம்மா, ஒரே நாள்ல பிடிச்சிட்டியே” என்று ஆச்சரியப்பட்டார். நான் சும்மா சிரித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தொந்தரவு. ‘எங்கள் மருத்துவமனையில் பதிவு செய்ததற்கு நன்றி’ என்று என் போனுக்கு வரிசையாகச் செய்தி வந்து குவிந்தது. கிணுகிணு என்று நச்சரிப்பு தாங்காமல் சத்தத்தை நிறுத்தி, சாப்பாட்டுக் கூடைக்குள் தள்ளிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்தவர்களில் பேத்துப்பாறைப் பெண் ஒருத்தியும் உண்டு. நான்கு நாளாகக் காய்ச்சல் என்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவளைப் பற்றி எனக்கு நினைவிருந்தது ஒரு பச்சை ஸ்வெட்டர் மட்டும்தான். முகம் நினைவில்லை. காரணம், நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு நாளும் என் கண் திரையிலேயே ஒட்டிக்கிடந்தது. போன் நம்பர் கேட்டேன். பதில் உடனே வரவில்லை. என் நம்பரைத் தட்டினேன். சீட்டு வந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். முடிவு வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் அப்படி ஆட்களை உட்கார வைத்துவிடுவோம். முடிவு மோசமாக இருந்தால் அண்ணன் சீட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடி வருவார். இப்போதுதான் செய்தி போனுக்குப் போய்விடுமே! “நீ பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போம்மா, ரிசல்ட் போன்ல வந்துரும்” என்று அண்ணன் அவளிடம் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளும் ஒண்ணேகால் பஸ்ஸில் போய்விட்டாள். இரண்டு மணிக்கு முடிவு வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்தத் தட்டணுக்கள் பதினெட்டாயிரம்தான் இருந்தன. டெங்கு. அவர் திரையில் அவசரம் என்ற பொத்தானை அழுத்தினார். டாக்டர் அப்போது ஒரு பிரசவ ஆபரேஷனில் இருந்தார், திரையைப் பார்க்க வழியில்லை. ஆனால் நோயாளிக்குச் செய்தி போய்விட்டது என்று புதிய முறை பச்சை டிக் போட்டுக் காட்டியது. அண்ணனும் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்குத்தான் நான் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் நன்றிச் செய்திகளுக்கு நடுவில் மூன்று செய்திகள் வேறு மாதிரி இருந்தன. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு ஆபத்தான நிலையில் உள்ளது, உடனே மருத்துவமனைக்கு வரவும் என்று ஒரே வாசகம் மூன்று தடவை. பெயர் இல்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. புதுக் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்து அலைகிறது என்று நினைத்தேன். நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், அண்ணன் மூக்குக்கு முன்னால் போனை நீட்டினேன்.

“ஏண்ணே, எனக்கு எப்ப ரத்தம் எடுத்தீங்க? நாளைக்குச் செத்துருவேன்னு மூணு தடவ சொல்லுது.”

அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இது பேத்துப்பாறைப் பிள்ளைக்கு அனுப்புனது. ஒனக்கு எப்படிம்மா வந்துச்சு?” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் செய்த வேலையை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மணி நேரம் போய்விட்டதே என்றார். அந்த அளவுக்குத் தட்டணு குறைந்தவளுக்கு எந்த நிமிடமும் உள்ளே ரத்தக்கசிவு வரலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அவளை எப்படிப் பிடிப்பது? பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அந்தப் பெயரில் பேத்துப்பாறையில் நான்கு பேராவது இருப்பார்கள். முகம் எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு முகம் தெரியவில்லை, கை தெரிந்தது. இடது முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தாள், நரம்பு கிடைக்கக் கஷ்டமாக இருந்தது என்றார். ஸ்வெட்டரும் பச்சை குத்திய கையும் மட்டும் வைத்துக்கொண்டு ஊரில் யாரைப் போய்க் கேட்பது? அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மழை வந்தால் அந்த ஊரில் டவர் நின்றுபோகும்.

என் நாற்காலிக்கு ஓடி வந்து உட்கார்ந்தேன். அவள் முன்பு எப்போதாவது வந்திருந்தால் பழைய கம்ப்யூட்டரில் நான் ஏதாவது குறிப்பு எழுதியிருப்பேன். பழைய விவரங்களையும் புதியதில் ஏற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். கை தானாக எஃப் செவனுக்குப் போனது. தட்டினேன், ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினேன். அழுகை வரும்போலிருந்தது. பிறகு என்னையே அதட்டிக்கொண்டு, கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, திரையை ஓரம் ஓரமாக முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். வலது மூலையில் பூதக்கண்ணாடி இருந்தது. அதைத் தொட்டேன். பெயரும் ஊரும் கேட்டது. அடித்தேன். நான்கு பேர் வந்தார்கள். வயதை வைத்து இரண்டு பேரைத் தள்ளினேன். மூன்றாவது பெண்ணுக்கு ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். குறிப்பில், தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குக் கீழே மூன்றாவது வீடு, பிறந்த வீடு பாலசமுத்திரம், இடது கையில் மயில் பச்சை என்று எழுதியிருந்தேன்.

ஆஸ்பத்திரி ஜீப் நின்றது. டிரைவரை எழுப்பி, அண்ணனிடம் டாக்டர் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிவிட்டு, நான் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது அண்ணன் ஜீப் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, “நீ எதுவும் சொல்லிக்காதம்மா. சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிருவோம். புதுசுதான, எல்லாரும் நம்புவாங்க” என்றார். என் மேல் உள்ள பாசத்தில் சொன்னார். அது நல்ல யோசனையாகவே எனக்கும் தோன்றியது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பழனி ரோட்டில் மேகம் இறங்கிக்கிடந்தது. பகல் மூன்றரை மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு போனோம். பேத்துப்பாறை போய்ச் சேர்ந்தபோது நாலே கால். மேட்டுக்குக் கீழே மூன்றாவது வீடு பூட்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு அம்மா கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவ பிள்ளையக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளே. காய்ச்சலுக்கு அங்க போய்க் கெடந்துட்டு வாறேன்னா. வீட்டுக்காரரு லோடு ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு போயிருக்காரு. மூணரை பழனி பஸ்ஸு” என்றார்.

பாலசமுத்திரம் பழனிக்குப் பக்கம். அதாவது அவள் இப்போது மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஜீப்பில் துரத்தினாலும் அடிவாரத்துக்கு முன்னால் பிடிக்க முடியாது என்று டிரைவர் சொன்னார். நான் வீட்டுக்காரர் நம்பராவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“அவரு நம்பரு எதுக்குங்க? அவகிட்டயே போன் இருக்குல்ல” என்றார் அந்த அம்மா.

அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொள்ளவே நேரம் பிடித்தது. அவளுக்குப் போன் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதி, அதை நானே நம்பி, மலையைச் சுற்றி இங்கே வந்து நிற்கிறேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். “இங்க எடுக்காது, மேட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அந்த ஊரில் யாருக்கு அவசரமாகப் பேச வேண்டுமானாலும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, கிழக்குப் பக்கமாகத் திரும்பி நின்றுதான் பேசுவார்களாம். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினேன்.

முதல் தடவை போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையும் போகவில்லை. மலைப்பாதையில் பாதி இடத்தில் அந்தப் பக்கமும் டவர் இருக்காது. அந்த அம்மா பொறுமையாக அடித்துக்கொண்டே இருந்தார். நான் நனைந்துகொண்டே, பழனி ஆண்டவரைக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். திடீரென்று மணி அடித்தது. எடுத்தாள்.

மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது, துணியை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன் என்றாள். குரலில் பிசிர் தட்டியது. பிள்ளை அழும் சத்தம் பின்னால் கேட்டது. அங்கேதான் எனக்கு என் பழைய தெம்பு வந்தது. கம்ப்யூட்டர் எனக்குப் புதுசாக இருக்கலாம், பயந்துபோயிருக்கும் ஆளிடம் பேசுவது எனக்குப் புதுசா? “பயப்படாத தாயி. சாஞ்சு படுக்காத, நிமிர்ந்து உக்காரு. போனைக் கண்டக்டர்ட்டக் குடு” என்றேன்.

கண்டக்டரிடம் நான் யார், அவளுக்கு என்ன, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டாம், நேராகப் பழனி பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் இழுத்தார். “ரூட்டு மாத்தி விட முடியாதுங்களே” என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்களிடம் சத்தமாக விஷயத்தைச் சொன்னார். நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் போகலாமா என்று கேட்டார். யாரோ ஒரு ஆள், “இதக் கேக்கணுமா? வெரசா விடச் சொல்லுய்யா” என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு லைன் போய்விட்டது. அதே மேட்டில் நின்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு அடித்து, அவளைப் பழனிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

ஐந்தரை மணிக்குக் கண்டக்டர் தானாகவே அந்த அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சேர்த்தாயிற்று. அதற்குள் எங்கள் டாக்டர் ஆபரேஷன் முடிந்து வந்து, பழனி டாக்டரிடம் எல்லா விவரமும் பேசி வைத்திருந்தார். கையிருப்பில் இருந்த தட்டணுவை ஏற்றி, அன்று இரவே திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று அங்கே சொன்னதாகப் பிறகு தெரிந்தது. ஆறு நாள் படுக்கையில் இருந்து பிழைத்து வந்துவிட்டாள். இதை எழுதும்போதுகூட நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்ததும் சேற்றுக் காலோடு நேராக டாக்டர் அறைக்குப் போனேன். நிர்வாகியும் அங்கே இருந்தார். புது சிஸ்டத்தைப் பற்றித்தான் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி தப்பான நம்பருக்குப் போயிருக்கிறது, கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டும் என்று நிர்வாகி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி கம்ப்யூட்டர் மேல் போய்விடும். அது பதில் பேசாது. ஆனால் நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு அதே நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும். அந்தப் பொய்யோடு உட்கார எனக்கு முடியாது என்று தெரிந்தது. அந்த நம்பர் என்னுடையது, இரண்டு நாளில் எத்தனை பேருக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

வேலை போகவில்லை. டாக்டர், மற்றவர்களில் யாருக்காவது முடிவு வராமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றார். திட்டையெல்லாம் மறுநாளைக்கு வைத்துக்கொண்டார். மறுநாள் குறைவில்லாமல் கொடுத்தார்.

பூதக்கண்ணாடியில் என் நம்பரை அடித்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஆட்டுக்காரப் பெரியவர் இருந்தார், கைக்குழந்தைகள் இருந்தார்கள், எனக்கு நன்றாகப் பழக்கமானவர்கள் இருந்தார்கள். எல்லோரும் என் நம்பரில் நோயாளிகள். ஊர் ஊராகச் சொல்லிவிட்டு, கிராமத்து நர்ஸ்களைப் பிடித்து, திரும்ப வந்தவர்களிடம் நேரில் கேட்டு, ஒவ்வொருவராக மாற்றினேன். மூன்று வாரம் ஆயிற்று. அறுபத்து மூன்று பேரில் நாற்பத்தொன்பது பேரிடம் போன் இருந்தது. மீதிப் பேருக்கு அவர்களே சொன்ன கடைக்காரர் நம்பரோ பக்கத்து வீட்டு நம்பரோ போட்டு, யார் வீட்டு நம்பர் என்று குறிப்பும் எழுதினேன். அந்த மூன்று வாரத்தில் புதிய முறையின் மூலை முடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. கோயம்புத்தூர் அம்மாவுக்குப் போன் போட்டு, அன்றைக்குக் கவனிக்காத பாடத்தையெல்லாம் வெட்கப்படாமல் மறுபடியும் கேட்டுக்கொண்டேன். இப்போது வந்து பாருங்கள், மவுஸ் என் சொல் கேட்கும். பழைய கறுப்புத் திரையைத் திருப்பித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பேன்.

மார்கழி பிறந்த பிறகு அவள் மறுபரிசோதனைக்கு வந்தாள். புருஷனும் பிள்ளையும் கூட வந்திருந்தார்கள். பச்சை ஸ்வெட்டர், மெலிந்த முகம், சிரித்தால் ஒரு பக்கம் குழி விழுந்தது. இந்தத் தடவை நன்றாகப் பார்த்துவிட்டேன். நான் செய்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன். ஆனால் எனக்குள்ளே ஒரு சின்னக் குறையும் அவள் மேல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை அடக்க முடியாமல், “ஏம்மா, போன் இருக்குன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் சங்கடமாகச் சிரித்தாள். “நம்பரு மனப்பாடமா வராதுக்கா. போனுக்குப் பின்னாடி எழுதி ஒட்டியிருக்கேன். குனிஞ்சு பைக்குள்ள தேடிக்கிட்டுதான் இருந்தேன். எடுத்துக்கிட்டு நிமிர்றதுக்குள்ள நீங்க அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டீங்க” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். “ஒங்களுக்கும் அன்னிக்குச் சோலி அதிகம்” என்று எனக்காக ஒரு சமாதானமும் சொன்னாள்.

என் ஜன்னல் மேஜை கொஞ்சம் உயரம். குனிந்தவர்கள் எனக்குத் தெரிய மாட்டார்கள். தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் கேட்டது அவளிடம். அவள் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள், அவளுக்குப் பதிலாக நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவளிடம் நம்பர் கேட்டுவிட்டு, இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குனிந்து, பையில் துழாவி, போனை எடுத்து, திருப்பிப் பிடித்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு உயிர் என்னைக் காத்திருக்கச் சொல்லிக் கேட்டது அவ்வளவு நேரம்தான் என்பதை, அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.